நிமிர்த்தும் சட்டை

அன்ரி, உங்கள் மகள் ஜெயரூபினி நான் தைத்த அந்த உட்சட்டையை முப்பத்திரண்டு மணித்தியாலங்கள் அணிந்திருந்தாள். நல்ல பருத்தித் துணி. வியர்வையை உறிஞ்சும். அந்த வெளிர்நீலம் அவளுக்குப் பிடித்திருந்தது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்குக் கோவையாகக் கதைக்க வராது.

பட்டப்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல்தான் கிளிநொச்சியில் இந்த ஆடைத் தொழில்நுட்ப வகுப்பில் சேர்ந்தேன். மெசினில் குனிந்தே இருப்பவர்களின் முதுகை நிமிர்த்த ஓர் உட்சட்டை செய்வதுதான் கடைசிச் செயற்றிட்டம். இருவர் ஒரு சோடி. ஒருவர் தைக்க, மற்றவர் எட்டு நாள், நாளுக்கு நான்கு மணித்தியாலம் அணிந்து பார்க்க வேண்டும். நான் யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு நின்றேன். ஜெயரூபினிதான் வந்தாள்.

"அக்கா, வகுப்பிலேயே பெரிய கூன் என்ரைதான். என்னை நிமித்தினா உங்களுக்குத்தான் பேர்."

முதலில் இலாஸ்ரிக் பட்டிகளை முதுகில் குறுக்காக வைத்துத் தைத்தேன். அரை மணித்தியாலத்தில் அவள் பழையபடி குனிந்துவிட்டாள். "இது சட்டையோ, தலையணை உறையோ?" என்று மிஸ் கேட்டார். வகுப்பே சிரித்தது. பெரிதாகச் சிரித்தது ஜெயரூபினிதான். எனக்கு அதில் கோபமில்லை. முதலாவதாக வரும் சட்டையைத் தைத்தவருக்கு ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்பு வேலை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது.

அடுத்ததில் உள்ளே ஒரு பிளாஸ்ரிக் பட்டி வைத்தேன். நடுமுதுகில் அல்ல, சற்று இடப்பக்கம். அவள் குனியவே இல்லை.

மூன்றாம் நாள், "அக்கா, குத்துது" என்றாள்.

"நிமிந்து இரும், குத்தாது."

நான் பொய் சொல்லவில்லை. நிமிர்ந்தால் குத்தவில்லைதான்.

"இப்பிடி நடந்து வீட்டை போனா அம்மா, 'பொலிஸ்காரி வாறா, கதவைத் திற' எண்டுவா" என்று சிரித்தாள்.

எங்கள் சட்டை முதலாவதாக வந்தது. அடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல். முதுகில் சீழ் கட்டி முள்ளந்தண்டுவரை போயிருந்தது. இடது காலில் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

ஆறு வயதில், கடைசிச் சண்டையில் பட்ட செல் குண்டின் துண்டு உள்ளே இருந்ததுதான் காரணம் என்று டொக்டர் சொன்னார். அன்றிலிருந்து நீங்கள் சாப்பிடவில்லை. "அப்பவே வெட்டி எடுக்க விட்டிருக்கலாம். நான்தான் பயந்து மறிச்சனான். என்ரை பிள்ளையின்ரை காலை நான்தான் திண்டனான்" என்று ஆஸ்பத்திரி வாட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறீர்கள். தேத்தண்ணி வாங்கித் தந்து, உங்கள் கையைப் பிடித்தபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சட்டை அதில் அழுத்தியிருக்கலாம் என்று மிஸ் மட்டும் சந்தேகப்பட்டார். ஆனால் இங்கே அளவெடுக்கும்போது உடம்பில் தழும்போ கட்டியோ தட்டுப்பட்டால் நாங்கள் விசாரிப்பதில்லை. எல்லா வீட்டிலும் உண்டு. அந்த மரியாதையில்தான் நானும் கேட்காமல் விட்டேன் என்று மிஸ் நினைத்தார். "உமக்கு எப்பிடித் தெரியும், பாவம்" என்றார். நான் தலையாட்டினேன்.

எனக்குத் தெரியும், அன்ரி. இரண்டாம் முறை அளவெடுத்தபோது விரலில் தட்டுப்பட்டது. தோலுக்குக் கீழே, ஒரு கடலை அளவு. "மெல்ல அக்கா, அதிலை அமத்தினா உயிர் போகும்" என்று அவள் துள்ளி நிமிர்ந்தாள். அவ்வளவு நேராக அவள் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த இடத்தில் தையல் சோக்குக் கட்டியால் அடையாளம் போட்டேன். பட்டியை அதன் மேல்தான் வைத்துத் தைத்தேன்.