காவலறைக் கம்ப்யூட்டரின் முகவரி

ஒரு கம்ப்யூட்டருக்கு அதன் முகவரியைச் சொல்லிக் கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, சார். பக்கத்தில் நின்று நாலு எண்களைத் தட்டினால் முடிந்தது. ஆள் நிற்காமல் அதைச் செய்யவைப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும்.

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதை ஒவ்வொன்றிலும் கையால் ஏற்ற வேண்டாம், சுவிட்சைப் போட்டால் நெட்வொர்க் வழியாகத் தானே ஏறிக்கொள்ளும்படி செய்து தருகிறேன் என்று மேனேஜரிடம் வாய் கொடுத்தவன் நான்தான். சுவிட்ச் போட்டதும் என் சர்வர் அந்த மெஷினுக்கு ஒரு தற்காலிக முகவரி கொடுக்கும், பின்னாலேயே ஒரு கோப்பை அனுப்பும். நிரந்தர முகவரி அந்தக் கோப்பில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மெஷின் நிரந்தர முகவரிக்குக் குடிபோக வேண்டும். நாற்பத்தொன்று ஒழுங்காகப் போயின. காவலறை மெஷின் மட்டும் சண்டித்தனம் செய்தது. நாலு தடவை சரியாக ஏறும், ஐந்தாவது தடவை தற்காலிக முகவரியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அந்த மெஷின் இடம் மாறவே கூடாது. குளிர் அறைகளுக்குள் ஆபத்துப் பொத்தான்கள் இருக்கின்றன. கதவு மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர் அதை அமுக்க வேண்டும், உடனே காவலறையில் மணி அடிக்கும். பொத்தானுக்குத் தெரிந்தது அந்த ஒரு முகவரிதான். அங்கே மெஷின் இல்லாவிட்டால் மணி அடிக்காது. வாட்ச்மேனுக்கும் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் கூட்டத்தில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னய்யா, ஆட்டோமேட்டிக்னு சொன்னீங்க, தினமும் நீங்களே போய் அதைக் கைத்தாங்கலா பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அன்றிலிருந்து எனக்குக் கைத்தாங்கல் என்று பேர். லாரி டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, மூன்றாம் எண் அறையில் சரக்கு அடுக்குகிறவன். வேலையை வாங்கிக் கொடுத்ததே நான். சாப்பிட உட்கார்ந்தபோது அவனும், "அக்கா, மாமாவுக்குச் சோத்தையும் கைத்தாங்கலா ஊட்டணுமா?" என்றான். சிரித்துச் சிரித்து என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

இனி அந்த மெஷினைக் கையால் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தப்பு எங்கே என்று கண்டுபிடித்துக் கோப்பிலேயே திருத்த வேண்டும். பொறுப்பான ஆள் யாரும் அப்படித்தான் நினைப்பார். சிக்கல் என்னவென்றால், தப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட்டால் நல்ல பிள்ளையாகிவிடும், தடயமே இருக்காது.

அந்தச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. காலையில் காவலறை மெஷினை மறுபடி ஏற்றினேன். பதினொரு மணிக்குப் பார்த்தால், தற்காலிக முகவரியில் இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரமாகக் கண்ணில் படாதது கையில் கிடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடனே சரிபண்ணு என்று உயிரை வாங்குவார்கள்.

இரண்டு இருபதுக்கு என் திரையில் ஒரு வரி வந்தது. காவலறை முகவரி யாரிடம் இருக்கிறது என்று மூன்றாம் எண் அறைப் பொத்தான் நெட்வொர்க்கில் கேட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டது. பழைய பொத்தான், ஈரத்தில் தானாக அமுங்கியிருக்கும் என்று நினைத்ததாக முதலில் எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிடுங்கள், சார். நான் அப்படி நினைக்கவில்லை. வருகைப் பதிவு பக்கத்துத் திரையிலேயே திறந்திருந்தது. கிடங்குக்குள் போய் வெளியே வராத ஆள் ஒருத்தன்தான். போகிற வழியில் என் அறைக்குள் தலையை நீட்டி, "மாமா, ஒரு பெட்டி மட்டும் உள்ள வெச்சுட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன், சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கனத்த கோட்டைக்கூட மாட்டவில்லை, வெறும் சட்டை.

என் மேசையில் போன் இருந்தது. நடந்தாலும் அந்த அறைக்கு ஒரு நிமிடம்தான். ஆனால் வாட்ச்மேன் போய்க் கதவைத் திறந்தால் மேனேஜருக்குத் தகவல் போகும், அவர் மெஷினை அணைத்துப் போடச் சொல்வார், மூன்று வார உழைப்பும் வீண். பத்து நிமிடம் கிடைத்தால் பிடித்துவிடலாம் என்று பட்டது. மைனஸ் இருபத்தைந்தில் பத்து நிமிடம் நின்றால் ஒரு ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. மூன்று மணிக்கும் எனக்கு அப்படித்தான் பட்டது.

மூன்றே முக்காலுக்குப் பிடித்தேன். அந்த மெஷினில் மட்டும் கேபிள் செருகும் இடம் இரண்டு, ஒன்று சும்மா கிடக்கிறது. ஏற்றும்போது சில சமயம் இரண்டின் பெயரும் இடம் மாறிவிடுகின்றன, நிரந்தர முகவரி சும்மா கிடக்கும் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. பெயரை நம்பாமல், தயாரிக்கும்போதே அதில் பதித்த எண்ணை வைத்து அடையாளம் சொன்னால் தீர்ந்தது. ஒரே ஒரு வரி. எழுதிச் சேர்த்தேன். பொத்தான் அப்போது ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

திருத்தினால் போதுமா, சரியா என்று பார்க்க வேண்டாமா? என் இடத்திலிருந்தே காவலறை மெஷினை மறுபடி ஏற்றினேன். நாற்பது நிமிடம் பிடித்தது. நாலு இருபத்தைந்துக்கு முகவரி சரியான பக்கத்தில் இருந்தது. இனி யார் அமுக்கினாலும் மணி அடிக்கும். காத்திருந்தேன். யாரும் அமுக்கவில்லை.

அதன் பிறகு போய்க் கதவை நான்தான் திறந்தேன். உள்பக்கக் கைப்பிடி கழன்று தரையில் கிடந்தது. அவனைப் பற்றி ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள், திரும்பச் சொல்லவைக்காதீர்கள்.

என் சர்வரைக் கழற்றிப் போட்டுவிட்டார்களாம். நான் சேர்த்த அந்த வரியும் அதோடு போயிற்று. எல்லா மெஷினையும் ஆள் வைத்துக் கையால் ஏற்றுகிறார்களாம். செய்துகொள்ளட்டும். எனக்கு இனி எதுவும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நேற்று என் மனைவி வந்திருந்தாள். அழவில்லை, திட்டவுமில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அவன் எத்தனை தடவை அமுக்கினான்?"

நூற்றுப் பதினாறு தடவை. திரையில் வரிசையாக இருந்தது, எண்ணியிருக்கிறேன். "ஒரே ஒரு தடவைதான்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவளால் தாங்க முடியாது, சார். ஒருத்தர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது.