முதலில் மூடி, பிறகுதான் குரல்

மேடையில் இருக்கும் தமிழ்ப் பாடசாலைத் தலைவர் தியாகலிங்கம் ஐயா அவர்களே, மகனை இழந்து முன்வரிசையில் இருக்கும் மனோகரி அன்ரி அவர்களே, பனிச் சப்பாத்துகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கும் பெரியவர்களே, என்னோடு கிற்றார் படித்த நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் நிருஷா. எங்கள் இசை ஆசிரியர், அமரர் ஜெறோம் மரியதாசன் அவர்களைப் பற்றி மாணவர்கள் சார்பில் பேச என்னை அழைத்தீர்கள். நிர்வாகம் திருத்தித் தந்த பேச்சு ஒன்று என்னிடம் இருக்கிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் அவர் கடைசியாகச் செய்த வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதனால் நான் வேறொன்றைப் பேசப் போகிறேன். தியாகலிங்கம் ஐயா, நீங்கள் மைக்கை வாங்க எழும்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து இருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எழும்பினால் நான் நிறுத்திவிடுவேன். நான் நிறுத்தினால் இன்றைக்கு ஒரு காணொளி அழிந்துவிடும்.

ஜெறோம் சேர் யார்? புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிய தொழிலாளி. சனிக்கிழமைகளில் எங்கள் பாடசாலையின் நிலவறையில் சம்பளம் வாங்காமல் படிப்பித்த ஆசிரியர். வார இறுதி இரவுகளில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஹெவி மெட்டல் பாடிய பாடகர். மூன்று பேரும் ஒருவர்தான். மூன்றாமவரை மட்டும் இந்த மண்டபத்தில் யாரும் விரும்பவில்லை.

அவருக்கு மூடிய கதவு பிடிக்காது. ஜனவரியிலும் வகுப்புக் கதவு திறந்தே கிடக்கும். “சேர், கதவைச் சாத்தட்டோ? விரல் விறைக்குது” என்று கீர்த்திகன் ஒருநாள் கேட்டான். “விறைக்கட்டும் மனே. கெதியா வாசி, சூடாகும்” என்றார். ஆணோ பெண்ணோ, எல்லாப் பிள்ளைகளும் அவருக்கு ‘மனே’தான். வேலை முடிந்து நித்திரை இல்லாமல் நேரே வகுப்புக்கு வருவார். பெற்றோர் வரப் பிந்தினால் பிள்ளைகளைத் தன் வாகனத்தில் ஏற்றி வில்லரேப் பகுதி வரைக்கும் வீடு வீடாக இறக்குவார். அந்த வாகனத்தின் ஜன்னலும் எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும். சாப்பாட்டுப் பெட்டியைக்கூட மூடாமல் கொண்டு திரிந்து கறியை ஊற்றிக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். ஏன் என்று நாங்கள் கேட்டோமா? கேட்கவில்லை.

அவருடைய பாட்டைக் கேட்டுவிட்டு என் அப்பா ஒருமுறை சொன்னார்: “இது பாட்டோ? ஆருக்கோ பல்லுப் பிடுங்குற மாதிரிக் கிடக்கு.” சேர் கோபிக்கவில்லை. “ஓம் அண்ணை, மயக்க மருந்து குடுக்காமத்தான்” என்றார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

இனி அந்தக் காணொளிக்கு வருகிறேன்.

அவர் எழுதிய ஒரு பாட்டுக்கான காணொளி அது. பாட்டு மட்டக்களப்பில் ஒரு வீட்டைப் பற்றியது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒளிந்துகொள்ள நெல் போடும் தகரப் பீப்பா ஒன்றுதான். ஒரு பிள்ளை பீப்பாவுக்குள் போகிறது. மற்றப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுகிறார்கள். பாட்டு முழுவதும் கமரா பீப்பாவுக்குள்தான் இருக்கிறது. தகரத்தில் உள்ள சின்னத் துளையால் பார்த்தால் கால்கள் தெரியும். சப்பாத்துகள் தெரியும். முகம் தெரியாது.

வந்தவர்கள் யார் என்று ஏன் காட்டவில்லை? இதைக் கேட்டுத்தான் பலர் கோபித்தார்கள். காட்டாதது பிழை என்றார்கள் சிலர். காட்டினால் எங்களுக்குத்தான் வெட்கம் என்றார்கள் சிலர். சேரின் பதில் ஒன்றுதான்: “பீப்பாவுக்குள்ள இருக்கிறவனுக்கு வெளியில நிக்கிறது ஆரெண்டு தெரியாது.”

சரி, அதை வயலினோடு மெதுவாகப் பாடியிருக்கக் கூடாதா? நானே கேட்டேன். “வயலின் வைச்சா சனம் கண்ணைத் துடைச்சிட்டு வீட்ட போயிடும் மனே. நான் அவங்களைப் பீப்பாவுக்குள்ள இருத்தோணும். தகரத்துக்குள்ள இருந்து கேட்டா எல்லாச் சத்தமும் இப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

அந்தத் தகரச் சத்தத்தை அவர் எங்கே கேட்டார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பீப்பாவுக்குள் போன தம்பி ஜெறோம் சேர். கொண்டுபோகப்பட்டவர் அவருடைய அக்கா சுதாஜினி. அப்போது அக்காவுக்கு என் வயது, பதினாறு. அவர் திரும்பி வரவேயில்லை.

சேர் பனியில் வாகனம் சறுக்கி இறந்துபோன கிழமை, நிர்வாகத்தில் உள்ளவர்கள் சேரின் அம்மா மனோகரி அன்ரியின் வீட்டுக்கு வந்தார்கள். என் அப்பாவும் அவர்களோடு வந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். அவர்கள் சொன்னதை என் காதால் கேட்டேன். “அம்மா, இது வெளியில வந்தா சனம் உங்களைத்தான் கதைக்கும். ஒரு பிள்ளையைக் காப்பாத்த மற்றப் பிள்ளையைக் குடுத்த தாய் எண்டு சொல்லும். பிரணவனிட்டச் சொல்லி அழிக்கச் சொல்லுங்கோ.” பிரணவன் அண்ணா சேரின் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவர். காணொளி அவரிடம்தான் இருக்கிறது. அம்மா சொன்னால் அழித்துவிடுவேன் என்று அவரும் சொல்லிவிட்டார். இரங்கல் கூட்டம் முடியும்போது சொல்கிறேன் என்றார் அன்ரி. அந்தக் கூட்டம் இதுதான்.

அன்ரி, நீங்கள் அந்தக் காணொளியைப் பார்க்கவில்லை. அது உங்களைக் குற்றம் சொல்கிறது என்று நினைக்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஆட்கள் வருவதை நீங்கள் கிணற்றடியில் இருந்து கண்டீர்கள். “தம்பி, ஒளி! தம்பி, ஒளி!” என்று கத்தினீர்கள். ஓடிவந்து பார்த்தபோது தம்பி பீப்பாவுக்குள் இருந்தார், அக்கா வெளியே நின்றார். வந்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க நீங்கள் மூடியின் மேல் இருந்துகொண்டு தேங்காய் துருவினீர்கள். ‘நான் தம்பியைத்தான் கூப்பிட்டேன், மகளைக் கூப்பிடவில்லை.’ இதுதானே இத்தனை வருடமும் உங்களுக்குள் கிடக்கிறது?

தேவாலயத்தில் சவப்பெட்டியை மூட வந்தபோது நீங்கள் மூடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “இவனை நான் திரும்பவும் மூடமாட்டன்” என்றீர்கள். துக்கத்தில் ஏதோ சொல்கிறீர்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு விளங்கியது.

எப்படி விளங்கியது? அப்பா, நீங்கள் வீட்டுக்கு வந்து ஏசுங்கள், இப்போது கேளுங்கள். அந்தக் காணொளியில் பீப்பாவை மூடும் கை என்னுடையது. சுதாஜினி அக்காவாக நடித்தது நான்தான்.

பிரணவன் அண்ணாவின் கராஜில் படம் பிடித்தோம். நான் திரும்பத் திரும்ப ஒரு பிழையைச் செய்தேன். பாட்டில் ‘தம்பி, ஒளி!’ என்று வரும் அம்மாவின் குரல் கேட்டவுடன் பீப்பாவை மூடினேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள்? கூப்பிட்டால்தானே ஓடுவோம்? ஒவ்வொரு தடவையும் சேர் நிறுத்தினார். “இல்ல மனே. முதல் மூடி. பொறகுதான் குரல்.” பிரணவன் அண்ணாவுக்குப் பொறுமை போய்விட்டது. “மச்சான், குரல் முதல் வந்தா ட்ரம்ஸ் அடி சரியா விழும். அவள் செய்யிறதுதான் வடிவா இருக்கு” என்றார். சேர் கிற்றாரைக் கழற்றிக் கீழே வைத்தார். “வடிவு எனக்கு வேணாம்டா. நடந்தது வேணும்.”

பிறகு பீப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து எனக்குச் சொன்னார். “நாய் குலைக்கக்குள்ளயே அக்காவுக்கு விளங்கிற்று. என்னைத் தூக்கி உள்ளுக்கு விட்டா. ‘நீ சின்னன், மூச்சுக் காட்டாம இரு’ எண்டா. மூடிற்றா. இருட்டாப் போச்சு. அதுக்குப் பொறகுதான் அம்மாட குரல் கேட்டது. அம்மா கூப்பிட முதலே அக்கா முடிவெடுத்திட்டா. இது அம்மாவுக்குத் தெரியா.”

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “எத்தினை தரம் சொல்ல வெளிக்கிட்டன். அந்தக் கதையை எடுத்தா அம்மா எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போயிடுவா. படமெண்டா எப்பயாவது பார்ப்பாதானே” என்றார்.

அன்ரி, இதை உங்களிடம் தனியாகச் சொல்லவே விரும்பினேன். வீட்டுக்கு வந்தேன். நான் தொடங்கியதும் நீங்கள் எழும்பித் தேத்தண்ணி வைத்தீர்கள். நான் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்றைக்கு இங்கே அடுப்பு இல்லை. இந்தக் கதையின் ஒரு பாதி இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதியைத்தான் உங்களைப் பயப்படுத்தச் சொன்னார்கள். மற்றப் பாதி எனக்கும் பிரணவன் அண்ணாவுக்கும் மட்டும் தெரியும். அதனால்தான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

பெரியவர்களே, போர் யாரைக் கொன்றது என்று ஒவ்வொரு வருடமும் சுடர் ஏற்றிச் சொல்கிறோம். உயிரோடு விட்டவர்களுக்கு அது என்ன செய்தது என்று யார் சொல்வது? ஒரு தாய் தன் ஒரு கூச்சலுக்காக இருபது வருடம் தன்னைத் தண்டித்தாள் என்று யார் பாடுவது? ஜெறோம் மரியதாசன் பாடினார். சத்தமாகப் பாடினார். அதை அழித்துவிட்டு அவருடைய படத்துக்கு மாலை போட்டால் அது அஞ்சலியா?

மாணவர்களாகிய நாங்கள் உறுதி சொல்கிறோம். வருகிற சனிக்கிழமையும் வகுப்பு நடக்கும். பிரணவன் அண்ணா வருவார். எவ்வளவு குளிராக இருந்தாலும் கதவு திறந்திருக்கும். இந்தப் பாட்டை நாங்கள் பழகுவோம், எங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் பழக்குவோம். எந்த அடி எங்கே விழவேண்டும் என்று மாற்றமாட்டோம்.

அன்ரி, முடிவு உங்களுடையது. வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிரணவன் அண்ணா மடிக்கணினியோடு பின்வரிசையில் இருக்கிறார். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைக்கிறோம். நான் இறங்கி வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு கை வரும். பீப்பா மூடும். திரை இருண்டுபோகும். அந்த நேரம் எழும்பிப் போய்விடாதீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்திருங்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் குரல் வரும்.