மொகங்கழுவிக் கல்லு

சொல்றேன், உக்காருங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால வாங்க. உங்களுக்குத்தான் இந்தக் கதை. குறுக்க பேசினா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிரும், ஆமா.

கும்பினிக்காரன், அதான் வெள்ளைக்காரன், இந்த மண்ணுல கால் வைக்கிறதுக்கும் முந்தி, இதே மஞ்சணத்தூர்ல சூலப்பாண்டித் துரைன்னு ஒரு பாளையக்காரர் இருந்தாராம். நாப்பது ஊருக்கு ராசா. ஆளு எப்படி? அம்மை வெளையாண்ட மொகம். முன்பல்லு ரெண்டும் வெளிய நிக்கும். குணம் தங்கமாம். கோவம் மட்டும் மூக்குமேல இருக்குமாம்.

அவருக்கு நெடுவரம்பு அரண்மனையில பொண்ணு கேக்கணும். அந்தக் கால ராசாக்க வழக்கம் என்ன? மாப்பிள்ளை போகமாட்டாரு. முதல்ல அவரு படம் போகும். பிடிச்சிருந்தா அவரு கத்தி போகும். அந்தக் கத்தியை மாப்பிள்ளையா நிறுத்தி வச்சுத் தாலி கட்டிருவாங்க. பொண்ணு பல்லாக்குல இங்க வந்து இறங்கினப்புறந்தான் புருசன் மூஞ்சியையே பாக்கும். கேட்டீகளா அநியாயத்தை!

படம் எழுதினது யாரு? எங்க வம்சத்துக்கு மூத்தவ, உச்சிமாகாளி. துரையை எதிர்ல உக்கார வச்சு ஒம்பது நாள் எழுதினாளாம். பத்தாம் நாள் துணியை விலக்கினா, தழும்பு அத்தனையும் இருக்கு. பல்லு ரெண்டும் இருக்கு. காதுல மொளைச்ச மயிரு கூட இருக்கு.

"ஏட்டி, யாரு இது?"

"நீங்கதான் சாமி."

துரைக்குக் கண்ணு செவந்துபோச்சு. மந்திரி ஓடி வந்தாராம். அப்பல்லாம் படம் எழுதுறவங்க எல்லார்கிட்டயும் ஒரு மன்மதத் தோலு உண்டு. ஆட்டுத்தோல்ல மன்மதன் மொகத்தை எழுதி, கோடு நெடுக ஊசியால பொத்தல் போட்டு வச்சிருப்பாங்க. அதுமேல கரித்தூளைத் தட்டினா கீழ மொகம் விழுந்திரும். எந்த ராசாவா இருந்தாலும் அதே மூக்கு, அதே மீசை.

"அதை வச்சு ரெண்டு தட்டுத் தட்டேம்மா. ஒரு நாழி வேலை"ன்னாரு மந்திரி.

"தட்டமாட்டேன்."

"ராசா சொல்றாரு."

"தட்டமாட்டேன்."

"தலை போயிரும்!"

"போகட்டும். தட்டமாட்டேன். படத்தை நம்பித்தான் ஒரு பிள்ள அப்பன் ஆத்தாளை விட்டுட்டு வருது. இங்க இறங்கி வேற ஆளைப் பாத்து அது மொகம் வாடினா, அந்தப் பாவம் என் கைக்குத்தான். என்னால முடியாது சாமி."

துரை கேட்டாராம், "இதை அனுப்பினா எவட்டி என்னைக் கட்டுவா?"

"ஒருத்தி கட்டினாலும் உங்களைக் கட்டுவா. அதை அனுப்பினா அவ கட்டுறது மன்மதனை. நீங்க சும்மா கூட இருந்துக்கிடலாம்."

மந்திரிக்குச் சிரிப்பை அடக்க முடியல, இருமிச் சமாளிச்சாராம். துரைக்கு ஆத்திரம் பொங்கிருச்சு. "சரி, இதையே கொண்டு போ. நீயே கொண்டு போ. அவ வேண்டாம்னா உன் வலது கைக் கட்டைவிரல் எனக்கு!"

"சரி சாமி"ன்னாளாம். எழுதுறவளுக்குக் கட்டைவிரல் போனா உசுரு போனதுதான். தெரிஞ்சேதான் சொன்னா.

நடந்தா நடந்தா, நாலு நாள் நடந்தா. நெடுவரம்புல கோமதி நாச்சியார், அதான் பொண்ணு, சுவத்துல ஆறு படத்தை மாட்டி வச்சுக்கிட்டு முழிக்குது. ஆறு ராசா. ஆறுலயும் அதே மூக்கு, அதே மீசை. "இதுல எவன் எவன்?"னு தோழியைக் கேக்குது. தோழி என்ன செய்வா, பாவம்! அவளுக்கும் தெரியல.

உச்சிமாகாளி ஏழாவதை விரிச்சா.

"பல்லு நீட்டிக்கிட்டு இருக்கே!"

"ஆமா தாயி."

"கோவக்காரரோ?"

"ஆமா தாயி. இப்பக்கூட என் விரலைக் கேட்டிருக்காரு."

கோமதி நாச்சியார் விழுந்து விழுந்து சிரிச்சுதாம். சிரிச்சு முடிச்சுட்டு, ரொம்ப நேரம் படத்தையே பாத்துச்சாம். "ஏழுல இவரு ஒருத்தர்தான் ஆளு. கத்தியெல்லாம் வேண்டாம். நானே வாரேன். இவரு வாசல்ல நிக்கணும். படத்துல உள்ள ஆளு நிக்கணும். வேற ஆளு நின்னா பல்லாக்கைத் திருப்பிருவேன்"னுச்சாம்.

சேதி வந்ததும் சந்தோசத்துல ஊரே ஆடுச்சு. ஆனா புத்திகெட்ட அரண்மனை என்ன செஞ்சுச்சு தெரியுமா? கூத்துக்காரன்கிட்ட அரிதாரம் வாங்கி, துரை மொகத்துல மூணு அடுக்கு அப்பி, பல்லை மறைக்கப் பெரிய மீசையை ஒட்டி, சாட்சாத் மன்மதனாக்கி, இப்ப நாம உக்காந்திருக்கிற இந்த மண்டபத்து வாசல்ல நிறுத்திருச்சு!

பல்லாக்கு வந்துச்சு. பொண்ணு இறங்குச்சு. கையில கொண்டுவந்த படத்தைப் பாத்துச்சு, ஆளைப் பாத்துச்சு. "இவரு இல்ல"ன்னு திரும்பிருச்சு. மேளம் நின்னுபோச்சு.

கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்தா உச்சிமாகாளி, இடுப்புல தண்ணிக் குடம். தளபதி கத்தியை உருவிக்கிட்டுக் குறுக்க நின்னான். "வெட்டுறதுன்னா வெட்டு. குடத்தை மட்டும் ஒடைச்சிராத"ன்னா. அவன் விலகிட்டான்.

"கழுவுங்க சாமி."

"ஊரு பாக்குதுட்டி."

"ஊரு தினம் பாக்குற மொகந்தான். கழுவுங்க."

"கழுவினப்புறமும் அவ போயிட்டா..."

"சாமி, என் விரலுக்காகச் சொல்லல. அந்தப் பிள்ள உங்க வெறும் மொகத்தைப் பாத்துட்டுத்தான் நாலு நாள் பல்லாக்குல குலுங்கி வந்திருக்கு."

துரைக்குக் கண்ணு கலங்கிருச்சாம். நாப்பது ஊரு ராசா, இந்தா இந்தக் கல்லுமேல குத்தவச்சு, சனம் பாக்கக் கழுவினாரு. மீசை போச்சு. மன்மதன் போனான். தழும்பு வந்துச்சு, பல்லு வந்துச்சு. கோமதி நாச்சியார் வந்து, காதோரம் ஒட்டியிருந்த சாயத்தை முந்தானையால துடைச்சுவிட்டு, "இப்பத்தான் வந்தீகளா? வாங்க"ன்னுச்சாம்.



அன்னையிலருந்து இது மொகங்கழுவிக் கல்லு. மஞ்சணத்தூர்ப் பொண்ணைக் கட்ட யார் வந்தாலும் முதல்ல இதுமேல குத்தவச்சு மொகங்கழுவணும். எங்க வீட்டுப் பொம்பளதான் தண்ணி ஊத்துவா. பொண்ணு பாத்துத் தலையாட்டினப்புறந்தான் மேளம். என் அண்ணன் மக கல்யாணத்துல ஒரு மாப்பிள்ளை கழுவமாட்டேன்னு கார்ல ஏறிப் போயிட்டாரு. எங்க பிள்ள அழல. பந்தியை நிறுத்தாதீங்க, இலையைப் போடுங்கன்னுச்சு.