நாலாவது ரீலுக்கு அப்புறம் மூணாவது

"ஹலோ... ஹலோ, யாருங்க? ... அண்ணே! நீங்களா! ... ஆமாங்கண்ணே, காசிநாதந்தான். வெள்ளிமலை தபாலாபீசுலதான் கீறேன். ... கேக்குது, கேக்குது. கத்தாதீங்க, இங்க மணியார்டர் வாங்க வந்தவங்களுக்கெல்லாம் கேக்குது."

காசிநாதன் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். அந்தப் பக்கம் இருப்பவர் கள்ளக்குறிச்சி நாராயணசாமி. ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரையிட்டு, ஊருக்கே படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதாக நம்புகிறவர். படம் ஆரம்பித்த பிறகு வந்தால் தாசில்தாரே ஆனாலும் உள்ளே விடமாட்டார். அவருடைய புரொஜக்டரை ஓட்டுகிறவன்தான் காசிநாதன். ஒரு கருமகாரியத்துக்குப் படம் போட மலையேறியவன், இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே சாலை மறியல் தொடங்கியதும் மேலேயே தங்கிவிட்டான். சாமைச் சோறும் கோழிக்குழம்புமாகக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது.

"படப்பொட்டியா? ... பத்திரமா கீது. ... நாளைக்கு ஷோவா? எப்பிடிங்கண்ணே வர்றது? ரோடு பூரா புளியமரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்களே. ... எடுத்துட்டாங்களா? எப்ப? ... நேத்தே பஸ்ஸு உட்டுட்டாங்களா! பாருங்க, மலைக்கு ஒரு சேதியும் வரல."

அந்த நேரம் பார்த்து, வாசலில் நின்ற கள்ளக்குறிச்சி பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

"அதுவா? ... ஹாரன் இல்லங்கண்ணே, கொம்பு. சாவு வூட்ல கொம்பு ஊதறாங்க. ... கருமம் முடிஞ்சிருச்சுதான்... இவங்களுக்குத் துக்கம் கொஞ்சம் ஜாஸ்திங்கண்ணே. ... சரி, பஸ்ஸுதான். ... ஆமா, நேத்தும் வந்துச்சு. ... ஆமா, பாத்தேன். ... திட்டுங்க. திட்டிக்கினே இருங்க, கேட்டுக்கறேன்."

கேட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற போஸ்ட்மாஸ்டரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.

"நான் வர்றேன்னுதாங்கண்ணே சொல்றேன், இவங்க உடமாட்றாங்க. சாயந்தரமானா அதே படந்தான் ஓடிக்கினு இருக்குது. இன்னிக்கும் வெச்சே ஆவணுமாம். சுத்துப்பட்டு மலையெல்லாம் நடந்து வருது. ... ஆமாங்க, காவியந்தான். ... ஆமா, ஆமா, ரசனைதான். ஆனா சனங்க அதுக்கு வரலங்களே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா... ... சொன்னா திட்டக்கூடாது. ... மொத நாளு டார்ச்சுல பேட்டரி தீந்துபோச்சு. இருட்டுல கையால தடவித்தான் ரீலு மாட்டனேன். மூணாவது வர்ற எடத்துல கடைசி ரீலு, நாலாவது... ஹலோ? அண்ணே? கீறீங்களா?"

ஒரு பாட்டை வெட்டியதற்காகவே இதற்கு முன்னிருந்த ஆப்பரேட்டரை வீட்டுக்கு அனுப்பியவர் நாராயணசாமி.

"ஆமாங்க. ஈட்டி பாஞ்சு அந்தாளு செத்துட்டான். அவ அழுதா. படம் முடிஞ்சு 'வணக்கம்'னு போட்டுச்சு. ... யாருமே எந்திரிக்கலண்ணே. எல்லாரும் திருப்பிக் கும்புட்டாங்க. ... நெசமா! ... மிச்சம் மூணாவது கெடக்குது, அத இன்னா பண்றது? ஓட்டனேன். செத்தவன் குதிர மேல ஜம்முனு வந்து தாலி கட்டறான்! விசிலுன்னா விசிலு! ... மறுநாளு சரியாத்தாங்கண்ணே மாட்டனேன். வந்து கையப் புடிச்சுக்கினாங்க. 'பொழச்சு வந்தவன ஏன்டா மறுபடியும் சாவடிக்கற'ன்னு. ... இன்னாங்க? ... வேலைய உட்டே தூக்கிடுவீங்களா? ... அண்ணே, அண்ணே, ரெண்டு மணி பஸ்ஸுக்கே பொட்டியோட..."

பின்னால் நின்றிருந்த பொன்னாயி ரிசீவரை அவன் கையிலிருந்து வாங்கினாள். கருமம் அவள் புருஷன் சின்னப்பையனுக்குத்தான். சந்தைக்கு இறங்கும்போது கீழே எங்காவது இந்தப் படம் ஓடினால் அவளையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் அவருக்காக இதையே போடச் சொன்னாள்.

"அலோ... ஐயா, நாந்தாங்க பொன்னாயி. ... ஆமாங்க, எங்கூட்டுக்காரருக்குத்தான். ... முன்ன பின்ன மாறிப்போச்சுதாங்க, தெரியும். இந்தப் புள்ளய வையாதீங்க. ... அவரு ஒருவாட்டி கூட முடிவு பாத்ததில்லீங்க. ஈட்டியத் தூக்கறப்பவே எந்திரிச்சுருவாரு. ஏன்னு கேட்டா, 'நான் பாக்கல, அவன் சாவல'ம்பாரு. ... சிரிங்க, நானும் சிரிப்பேன். ... இன்னிக்கு ஒருக்கா பாத்துக்கறேங்க. எங்கூட்லயும் சாவு முன்னாடியே வந்துருச்சு. அதுக்கப்பறம் ஓட்டறதுக்கு ஒரு ரீலு இருந்தா ஆவாதுங்களா?"

போஸ்ட்மாஸ்டர் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டார். பொன்னாயி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, ரிசீவரை முந்தானையால் துடைத்துக் காசிநாதனிடம் நீட்டினாள்.

"அண்ணே... ... அழுவறீங்களா? ... சளியா? சரிங்க, சளிதான். ... நாளைக்கு மொத பஸ்ஸுலயே பொட்டி வந்துரும். ... வேணாமா? ... நீங்களே வர்றீங்களா! இன்னிக்கேவா? ... இன்னாத்துக்கு? ... படம் பாக்கவா? ... ஆமா, ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு. ... வாங்க, வாங்க. 'வணக்கம்' போட்டா கும்புடணும், இங்க அதான் வழக்கம். ... ஆனா ஒண்ணுண்ணே. பொழுது சாஞ்சதும் ஆரம்பிச்சுருவேன். லேட்டா வந்தா உள்ள உடமாட்டேன். ... ஆமா, நாந்தான் சொல்றேன். ... வெட்டவெளிதான், ஆனா இன்னா? இங்க ஒரு பலாமரம் கீது, அதுக்கு அந்தாண்டயே நிக்க வேண்டியதுதான். ... யாரு போட்ட சட்டமா? நீங்க போட்டதுதாண்ணே! ... ஹலோ? ... அண்ணே? ... வெச்சுட்டாரு. பஸ்ஸப் புடிக்க ஓடறாரு."