ஒருத்தன் மட்டும் ப்ரோன்னு கூப்பிடல

மகள்: இல்லப்பா, இழுக்கணும். ப்ரோஓஓ... அப்பதான் உதவி கேக்கறீங்கன்னு அர்த்தம்.

அப்பா: ப்ரோஓஓ...

மகள்: ஐயோ, மாடு கத்துற மாதிரி இருக்கு!

அப்பா: சிரிக்காதடி. பார்சல் குடோன்ல சேந்து மூணு வாரம் ஆச்சு. பசங்க எல்லாம் வட்டமா உக்காந்து சாப்பிடுறாங்க, நான் மட்டும் தராசு பக்கத்துல தனியா. அந்த வட்டத்துல எனக்கும் ஒரு எடம் வேணாமா?

மகள்: சரி சரி, மூஞ்சியத் தூக்காதீங்க. இப்ப வெட்டிச் சொல்லுங்க. ப்ரோ!

அப்பா: ப்ரோ!

மகள்: செம! அதுக்கு 'தள்ளு, கால் நசுங்கிரும்'னு அர்த்தம். தலைய ஆட்டிக்கிட்டே மெதுவா சொன்னா, 'உன் கஷ்டம் புரியுது'.

அப்பா: ஒரே வார்த்தைய வச்சு குடும்பமே நடத்தலாம் போலயே! நானும் உங்கம்மாவும் இத்தன வருஷமா வெட்டியா வாயக் கொடுத்திருக்கோம்.

மகள்: அம்மாவப் போய் ப்ரோன்னு கூப்பிட்டுறாதீங்க.

அப்பா: காலைலயே கூப்பிட்டுட்டேன்.

மகள்: அய்யய்யோ... என்ன சொன்னாங்க?

அப்பா: கரண்டியக் காட்டினா. காணாமப் போன சாப்பாட்டு டப்பாவ ஒரு மாசமா தேடுற கடுப்பு வேற.

மகள்: ம்ம்... அந்த டப்பாவ விடுங்க. இன்னொண்ணு சொல்றேன். பெட்டி மேல சாக்பீஸ்ல 'ப்ரோ'ன்னு எழுதியிருந்தா தனியா தூக்கிறாதீங்க. ரெண்டு பேர் தூக்கற கனம் அது.

அப்பா: இரு, இரு.

மகள்: என்னப்பா?

அப்பா: அது எங்க குடோன் பசங்க மட்டும் எழுதறதாச்சே. உனக்கு எப்படித் தெரியும்?

மகள்: நீங்கதான் சொன்னீங்க!

அப்பா: எனக்கே நேத்துதான் தெரியும். அதுவும் தனியாத் தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிட்டப்புறம்.

மகள்: அது... எல்லா குடோன்லயும் அப்படித்தானாம்... தண்ணி வேணுமாப்பா?

அப்பா: வேணாம், உக்காரு. அந்த வட்டத்துல நான் இன்னைக்கே உக்காந்தாச்சு.

மகள்: அடப்பாவி அப்பா! அப்புறம் எதுக்கு இந்தப் பாடம்?

அப்பா: ஒரு சந்தேகம். இடுப்பு பிடிச்சதுலேர்ந்து எல்லாரும் 'ஓகேவா ப்ரோ, உக்காருங்க ப்ரோ'ன்னு ஒரே பாசம். ஒருத்தன் மட்டும் கூப்பிடல. அந்தச் சுருட்டைமுடி.

மகள்: ...எந்தச் சுருட்டைமுடி?

அப்பா: மத்தவங்களுக்கு நிமிஷத்துக்கு நாப்பது ப்ரோ போடறான். என்னைப் பாத்தா மட்டும் 'வந்து... அது...'ன்னு முழுங்கறான். ஆனா ஓடிப் போய் தைலம் வாங்கிட்டு வந்தது அவன்தான்.

மகள்: பயமா இருந்திருக்கும்ப்பா அவருக்கு.

அப்பா: அவருக்கா?

மகள்: ...அவனுக்கு.

அப்பா: என்னடி பயம்?

மகள்: உங்களுக்கு... பிடிக்காமப் போயிட்டா... எல்லாமே போச்சேன்னு...

அப்பா: ம். சாப்பிடறப்ப அவன் டப்பாவத் தொறந்தான். மூடில ஒரு பக்கம் நசுங்கல். நான் கீழ போட்டு நசுக்கின மூடி அது.

மகள்: ப்பா...

அப்பா: சொல்லு.

மகள்: சொல்லணும்னுதான் இருந்தேன்... வாய் வரல. கோவமாப்பா? நாளையிலேர்ந்து உங்களையும் ப்ரோன்னே கூப்பிடச் சொல்றேன்ப்பா, சத்தியமா!

அப்பா: உதைப்பேன்! மாமனார எவனாவது ப்ரோம்பானா? வாய் நெறய 'மாமா'ன்னு கூப்பிடச் சொல்லு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றப்ப அந்த டப்பாவையும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு, உங்கம்மா கையில கரண்டி இருக்கு.