இடப்பக்கம் சாய்ந்த எட்டு முத்திரைகள்

கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் பெயர் முத்திரையை நேராக வைப்பது எங்கள் அலுவலகத்தில் மரியாதைக் குறைவு. தலைவரின் முத்திரை இடக்கோடியில் இருக்கும். மற்றவர்களுடையது அவர் பக்கம் குனிந்து வணங்குவதுபோல் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் பதினோரு வருடம் காகிதம் சுமந்தேன், ஐயா. ஒரு பல்பு மாற்றவும் ஒன்பது பேர் முத்திரை வேண்டும். "முரோய்-சான், மேஜையில வச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்பார்கள். பார்க்க மாட்டார்கள். தாமதத்துக்குத் திட்டு மட்டும் எனக்கு. வெறுத்துப்போய்விட்டது.

எல்லாம் கணினிக்கு மாறியபோது நிரலை எழுதியவன் நான்தான். மூன்று நாள் யாரும் திறக்காத கோப்புக்கு நிரலே முத்திரை வைத்துவிடும். தலைவருடையதை நேராக விட்டு, மற்ற எட்டு முத்திரைகளையும் அவர் பக்கம் பன்னிரண்டு டிகிரி சாய்த்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "நம்ம ஆளுங்க இப்பல்லாம் சுறுசுறுப்பாயிட்டாங்கப்பா" என்று தலைவர் ஹதகெயாமா எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச்சில் கிரேன் ஓட்டுநர் நிஷிவாக்கி ஒரு கோப்பு அனுப்பினார். பிரேக் வழுக்குகிறது, மே மாதப் பராமரிப்பு வரை இதையே ஓட்டலாமா என்று கேட்டிருந்தார். நான்காம் நாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஒம்பது பேரும் பாத்துட்டாங்களா? எனக்கு என்னமோ மனசு ஒப்பலை."

"ஒம்பது முத்திரையும் விழுந்திருச்சு, நிஷிவாக்கி-சான். தாராளமா ஓட்டுங்க."

நான் சொன்னதில் பொய் இல்லை. அடுத்த வாரம் பிரேக் பிடிக்கவில்லை. கிரேன் நிற்காமல் போய்த் தண்டவாளக் கோடியில் மோதியதில் ஓட்டுநர் கூண்டு அவரோடு சேர்ந்து கீழே விழுந்தது. விபத்து அறிக்கையும் என் நிரல் வழியாகத்தான் போனது. அதற்கும் மூன்று நாளில் ஒன்பது முத்திரை விழுந்தது.

அந்தக் கோப்பை ஒருவர்கூடப் படிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். நான் படித்தேன். வந்த அன்றே, இரண்டு தடவை. முத்திரை விழாமல் நிறுத்துவதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். ஆனால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், நிரலின் கதை வெளியே வரும், மறுபடி நான் ஒன்பது மேஜைக்கும் நடக்க வேண்டும். அதனால் மூன்று நாளும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர்களில் யாராவது திறப்பார்கள் என்று பார்த்தேன். திறக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் முத்திரையை எங்கே வைக்க வேண்டும், இங்கேயா? சாய்த்தே வைக்கிறேன். இந்த வாக்குமூலத்தையாவது உங்கள் மேலதிகாரிகள் படித்துவிட்டு முத்திரை வைக்கட்டும், ஐயா. பொறுப்பில்லாதவர்களால் ஒரு நல்ல மனிதர் செத்துப்போனார்.