கஞ்சி வரிசை

தும்.

தூரத்தில் எறிகணை ஏவிவிட்டார்கள். இனி அது வந்து விழ வேண்டும்.

வன்னி. கடற்கரை மணல். வெயில். நான் கஞ்சி வரிசையில் நிற்கிறேன். கையில் அலுமினியச் சட்டி. எனக்கு முன்னால் அம்மா. அம்மாவுக்கு முன்னால் தம்பி. அடுத்த அகப்பை அவனுக்கு. சட்டியை நீட்டுகிறான்.

அதன் கூவல் கேட்கிறது.

"விழு பிள்ளை! குப்புற விழு!"

அம்மாவின் குரல். விழுந்தேன். வெடித்தது. காது அடைத்துப்போனது. எழுந்தபோது மணலில் கஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழவில்லை. தம்பியும் எழவில்லை. நான் அழவில்லை. எனக்குப் பசித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முருகா, முருகா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். அதன் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

படகில் தமிழ்நாட்டுக்கு வந்தேன். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கேன்டீனில் வரிசை. அதனால் டப்பாவில் சோறு கொண்டுபோவேன். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அன்னதானம் என்று கூடவேலை செய்கிறவர்கள் கூப்பிடுவார்கள். அங்கேயும் வரிசை. போனதில்லை. கஞ்சியைத் தொட்டதே இல்லை.

ஊரடங்கு வந்தது. கம்பெனிகளை மூடினார்கள். நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம் நின்றது. எனக்குத் தெரிந்த அமைதி அது. எறிகணை விழுவதற்கு முன் அப்படித்தான் இருக்கும். பக்கத்து அறைகளில் ஒடிசாக்காரர்கள். கூலி இல்லை. ஊருக்குப் போக வண்டி இல்லை. அடுப்பு எரியவில்லை.

கீழ்வீட்டு ரோஸ்லின் அக்கா என்னைக் கூப்பிட்டார். மாதா கோயிலுக்குப் போகிறவர்.

"இன்னாம்மா மேலேர்ந்து பாத்துகினு நிக்கிற? எறங்கி வா. அரிசி கீது. கஞ்சி வெக்கலாம்."

இறங்கினேன். ஏனென்று தெரியாது. கை தன்பாட்டில் கிண்டியது. வெந்ததும் ஒடிசாக்காரர்கள் தட்டோடு வரிசையாக நின்றார்கள். எனக்குக் காது அடைத்தது.

"லைன்ல விடாதேங்கோ அக்கா! இருத்துங்கோ! எல்லாரையும் இருத்துங்கோ!"

கரண்டி கையிலிருந்து விழுந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்கப்பா. பைட்டோ, பைட்டோ. நாங்க கொண்டாந்து ஊத்துறோம்."

அன்றிலிருந்து அந்த வாசலில் வரிசை இல்லை. தள்ளித் தள்ளி உட்காருவார்கள். நாங்கள் குனிந்து குனிந்து ஊற்றுவோம். எனக்கு இடுப்பு வலிக்கும். மற்றபடி ஒன்றும் தோன்றாது.

ஒருநாள் அண்டாவை வழித்தாகிவிட்டது. எங்களுக்கு மிச்சமில்லை. நரைத்த தலை வெல்டர் ஒருவர் தன் தட்டை என்னிடம் நகர்த்தினார். பாதி அப்படியே இருந்தது.

"நீ சாப்டு."

அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். குடித்தேன். உப்புக் குறைவு. அம்மாவுக்காக அன்றுதான் அழுதேன்.

"உங்கட சாமி இப்பிடித்தான் வருவாரோ அக்கா?"

"எங்க சாமி சோறு போட்டவரும்மா. சிலுவைக்குப் போறதுக்கு முன்னாடிகூட அப்பத்தைப் பிட்டுக் குடுத்துட்டுத்தான் போனாரு."

அன்றே நம்பினேன் என்று சொல்லமாட்டேன். மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும். இடையில் எங்கேயோ நம்பியிருக்கிறேன்.

பிறகு ஞானஸ்நானம். அதே பூசையில் முதல் நன்மை, அந்த அப்பத்தை முதல்முறையாக வாங்குவது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும்.

"ஃபாதர்கிட்ட சொல்றேம்மா. உன் எடத்துக்கே கொண்டாந்து தருவாரு."

"வேண்டாம் அக்கா. நிக்கிறன்."

இழந்தவை. அம்மா. தம்பி. அலுமினியச் சட்டி. வலது காது. அன்று அந்த வரிசையில் நின்ற சனம். பெயர் தெரியாது. எத்தனை பேர் என்று எண்ண எங்களை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் மின்விசிறிச் சத்தம். எனக்கு முன்னால் ரோஸ்லின் அக்கா. அவருக்கு முன்னால் அவர் மகன். கையை நீட்டுகிறான். அப்பத்தை வாங்குகிறான். திரும்பி நடக்கிறான். அக்கா வாங்குகிறார். திரும்பி நடக்கிறார்.

அடுத்தது நான்.